சாதி நாயும் கடி நாயும்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ராட்வீலர் வளர்க்கிறார்கள். எனக்கு நான்கு வயதில் மகள் இருக்கிறாள். ராட்வீலர், பிட்புல் போன்ற இனங்கள் உண்மையிலேயே ஆபத்தானவையா, இல்லை செய்திகளில் ஊதிப் பெரிதாக்குகிறார்களா? இவற்றைத் தடை செய்வதுதான் சரியா?

நான் கால்நடை மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் நாய், பூனைதான் பார்க்கிறேன். என் இரண்டு கைகளிலும் சேர்த்து ஏழு கடித் தழும்புகள் இருக்கின்றன. மூன்று பொமரேனியன் போட்டவை, இரண்டு நாட்டு நாய், ஒன்று டேஷண்ட். மீதி ஒன்று, நம்பினால் நம்புங்கள், லாப்ரடார். ராட்வீலர் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

இதைச் சொன்னதும் நாய் வளர்ப்பவர்கள் "பார்த்தீர்களா, இனமெல்லாம் சும்மா" என்று கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பொமரேனியன் கடித்த அன்று சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயடியில் கையைக் காட்டிவிட்டு, ஊசியையும் போட்டுக்கொண்டு அடுத்த நாயைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். அதே இடத்தில் நாற்பத்தைந்து கிலோ ராட்வீலர் கடித்திருந்தால் இந்தக் கை இன்றைக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த நாய் அதிகம் கடிக்கும் என்பது ஒன்று. எந்த நாய் கடித்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. டிவி விவாதத்தில் ஒரு தரப்பு முதல் கேள்விக்குப் பதில் சொல்லும், எதிர்த் தரப்பு இரண்டாவதுக்குச் சொல்லும். கடைசிவரை இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

முதல் கேள்வியில் இனத்துக்கு நாம் நினைக்கிற அளவு பங்கு இல்லை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சுபாவத்தைக் கேட்டுப் பதிவு செய்து, அதில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு தனி நாயின் சுபாவத்தில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிகிறது என்பது அதன் முடிவு. சிகிச்சை மேசைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு இது பழைய சேதி. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ராட்வீலர்களில் ஒன்று ஊசியைப் பார்த்தால் என் மடியில் ஏறி ஒளிந்துகொள்ளும். இன்னொன்றை வண்டியை விட்டு இறக்கவே முடியாது.

இரண்டாவது கேள்வியில் இனம் பேசும், உரக்கவே பேசும். பிட்புல்லின் பூர்வீகம் இங்கிலாந்து. காளையைக் கம்பத்தில் கட்டி அதன்மேல் நாய்களை ஏவிவிடும் விளையாட்டை அங்கே 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சூதாடிகளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நாயோடு நாயை மோதவிட்டார்கள். புல்டாக்கின் பிடியும் டெரியரின் விடாக்கண்டத்தனமும் ஒன்றுசேர வேண்டும் என்று கலந்து வளர்த்ததில் வந்ததுதான் இந்த வகை. சாதாரண நாய் கடித்துவிட்டுப் பின்வாங்கும், குரைக்கும், திரும்ப வரும். இது கவ்வினால் விடாமல் உதறும். தாடை பூட்டிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வது கட்டுக்கதை. அதன் தாடையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை, விட மனம் வராது, அவ்வளவுதான். கடிபட்டவருக்கு அந்த வித்தியாசம் ஒரு ஆறுதலும் தராது என்பது வேறு விஷயம்.

ராட்வீலரின் கதை அப்படியில்லை. ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டிக்கொடுத்து, வண்டி இழுத்து, வீட்டையும் காத்த நாய் அது. சண்டைக்கென்று உருவாக்கவில்லை. ஆனால் மாட்டை மடக்குகிற உடம்பு மனிதன்மேல் பாய்ந்தால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்களும் இருந்த குழு ஒன்று கணக்கெடுத்திருக்கிறது. 1979 முதல் 1998 வரை நாய் தாக்கி இறந்தவர்களில், இனம் தெரியவந்த 238 மரணங்களை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வீலரும்தான். அதை எழுதியவர்களே, இதை வைத்துக்கொண்டு இனத்தைத் தடை செய்யக் கிளம்பாதீர்கள் என்றும் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் மொத்தம் 25 இனங்களாவது இருந்தன. எந்த இனம் அந்தந்தக் காலத்தில் பிரபலமோ அது மேலே ஏறுவதும் அதில் தெரிந்தது.

அந்தக் கணக்கைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது அதற்கு அடுத்த பத்தாண்டைப் பற்றிய ஆய்வு. 2000 முதல் 2009 வரை அமெரிக்காவில் நடந்த 256 நாய்த் தாக்குதல் மரணங்களை ஒவ்வொன்றாக, போலீஸ் விசாரணை வரை போய் ஆராய்ந்தார்கள். 87 சதவீதத்தில், தாக்கும்போது குறுக்கே விழுந்து தடுக்கத் திராணியுள்ள ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. 76 சதவீதத்தில் அது வீட்டுக்குள் மனிதரோடு பழகிய நாய் இல்லை, சங்கிலியிலோ கூண்டிலோ வேலிக்குள்ளோ தனியாகக் கிடந்த நாய். இப்படிப்பட்ட காரணங்களில் நான்கோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்தவை 80 சதவீதம். இனம் என்னவென்று நம்பிச் சொல்ல முடிந்ததோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான மரணங்களில்தான்.

அதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது புறநகரில் ஒரு தனி வீட்டு மாடி. நடக்க முடியாத தாத்தாவுக்கு வீட்டில் காவல் வேண்டும் என்று மகன் ஒரு ராட்வீலர் குட்டியை வாங்கினார். வாங்கும்போது அதற்கு முப்பது நாள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் போச்சு. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாதம் வரை குட்டி பார்க்கிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள்தான் அதற்கு உலகம். இந்தக் குட்டி பார்த்ததெல்லாம் மொட்டைமாடியும், தண்ணீர்த் தொட்டியும், சாதம் வைக்க வரும் அம்மாவும்தான்.

இரண்டு வயதில் காதில் சீழ் என்று கூட்டிவந்தார்கள். ஆளுக்கொரு சங்கிலியாக இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். பெயர் ராக்கி. "வெளி ஆளை வாசப்படி மிதிக்க விடமாட்டான் டாக்டர்" என்றார் மகன், பெருமையாக. மேசைக்குப் பக்கத்தில் வரும்வரை உறுமிக்கொண்டே இருந்தது. உறுமுகிற நாயிடம் எனக்குப் பயமில்லை. 'கிட்ட வராதே' என்று மரியாதையாகச் சொல்கிறது, நானும் போகமாட்டேன். திடீரென்று உறுமல் நின்றது. வாய் மூடிக்கொண்டது, வால் அசையவில்லை, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பியது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை, பிறை மாதிரி தெரிந்தது. "பாருங்க, அமைதியாயிட்டான்" என்றார் மகன். நான் இரண்டடி பின்னால் வந்து வாய்க்கூடு எடுத்துவரச் சொன்னேன். கூட்டைப் பார்த்ததும் அது காற்றைக் கடித்த சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

அது பிறவிக் கொலைகாரன் இல்லை. அதே வளர்ப்பில் ஒரு பொமரேனியன் வளர்ந்திருந்தாலும் அப்படித்தான் கடிக்க வந்திருக்கும். ஆனால் வளர்ந்தது பொமரேனியன் இல்லையே. அந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத தாத்தாவும் இருந்தாரே.

அதனால் என் கட்சி இது: ஆபத்து நிஜம், அதில் இனத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் இனங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்கிற சட்டம் அந்த ஆபத்தைப் பிடிக்காது.

நம் நாட்டுப் பட்டியலையே பாருங்கள். 2024 மார்ச் 12-இல் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதில் டோசா இனு என்று ஒன்று, ஜப்பானிய டோசா என்று இன்னொன்று. இரண்டும் ஒரே நாய். மாஸ்டிஃப், டெரியர் என்று மொத்தக் குடும்பங்களின் பெயர்களும் இருந்தன. டெரியர் என்றால் யார்க்‌ஷயர் டெரியரும் டெரியர்தான், ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். அகிடாவும் உண்டு. செத்துப்போன எஜமானுக்காக ஷிபுயா ரயில் நிலையத்தில் வருடக்கணக்கில் காத்திருந்த ஹச்சிகோவின் இனம். ஹச்சிகோவுக்கு அங்கே சிலை, அதன் பேரனுக்கு இங்கே தடை. கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அந்தக் கடிதத்தை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்பது முக்கியமான குறை.

அதற்குப் பிறகு மே மாதத் தொடக்கத்தில், ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் குதறின. சங்கிலி இல்லாமல் வந்த நாய்கள். உரிமையாளர் கைதானார். சில நாளில் தமிழக அரசின் கால்நடைத் துறை அதே 23 இனங்களுக்குத் தடை என்று அறிவித்து, அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது.

அந்த வாரத்தில் ஒரு காலை, கிளினிக் ஷட்டரைத் திறக்கப் போனால் கேட்டில் ஒரு ராட்வீலரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட், தடுப்பூசிப் புத்தகம். புத்தகத்தில் உரிமையாளர் பெயர் எழுதும் பக்கத்தை மட்டும் கிழித்திருந்தார்கள். ஐந்து வயதுப் பெண் நாய், இடுப்பு மூட்டு தேய்ந்து நொண்டியது. யாரையும் கடித்த நாய் இல்லை. நான்கு நாள் எங்கள் கம்பவுண்டரின் தயிர்சாதத்தில் பங்கு வாங்கிக்கொண்டு வாசலில் படுத்திருந்தது. அப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கூட்டிப்போனார். அதற்கு அதிர்ஷ்டம் இருந்தது. அந்த மாதிரி வாரங்களில் தெருவில் இறக்கிவிடப்பட்ட மற்றவற்றைப் பற்றி யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்த ஆபத்தை ஊருக்குள் அவிழ்த்துவிடத்தான் அவசரத் தடை உதவும்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பிரிட்டன் 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டம் போட்டு பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என்று நான்கு வகைகளைத் தடை செய்தது. கடிபட்டு மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை அதனால் குறையவில்லை, அடுத்த முப்பது வருடத்தில் ஏறியது. அதைவிட வேடிக்கை, மிரட்டுகிற நாய் வேண்டும் என்று நினைத்தவர்கள் சட்டத்தில் பெயர் இல்லாத ஒரு நாய்க்கு மாறினார்கள். அதுதான் எக்ஸ்எல் புல்லி. அது மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்த பிறகு, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்றார்கள். எது எக்ஸ்எல் புல்லி? அங்கே மரபணுச் சோதனை கிடையாது. ஆண் நாய் என்றால் தோள் உயரம் 51 சென்டிமீட்டர், பெண் என்றால் 48, தலை இப்படி, மார்பு அப்படி என்று டேப் வைத்து அளக்கிறார்கள். 50,000-க்கும் மேற்பட்ட நாய்களுக்கு விலக்கு வாங்கியிருக்கிறார்கள். இதையும் தடுத்தால் அடுத்து என்ன கலப்பு வரப்போகிறதோ.

நெதர்லாந்து 1993-இல் பிட்புல்லைத் தடை செய்து, கடி குறையவில்லை என்று பார்த்து 2008-இல் தடையை எடுத்துவிட்டது. இத்தாலி நீளமான பட்டியல் ஒன்றை வைத்திருந்து 2009-இல் தூக்கிப் போட்டுவிட்டுப் பொறுப்பை உரிமையாளர் தலையில் வைத்தது. கனடாவின் கால்கரி நகரம் இனத்தின் பக்கமே போகவில்லை. உரிமம், கடுமையான அபராதம், தொல்லை தரும் நாய்க்குத் தனிக் கட்டுப்பாடு என்று நடத்துகிறது.

சென்னைக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். டிசம்பரில் மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் புதிதாக உரிமம் இல்லை என்று முடிவெடுத்தது. மீறி வாங்கினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமத்தோடு வளர்ப்பவர்கள் வெளியே கூட்டிவந்தால் சங்கிலியும் வாய்க்கூடும் கட்டாயம். இதில் பிட்புல் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. சண்டைக்கென்றே வளர்த்த வம்சத்தை ஆயிரம் சதுர அடி வீட்டில் பெருக்கி விற்பதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை. அந்த நாய்களுக்கும் இல்லை. இருப்பதைக் கருத்தடை செய்து, சாகும்வரை நன்றாக வைத்துக்கொண்டு, புதிதாக வராமல் பார்த்துக்கொள்வது நியாயம்தான். ராட்வீலரை அதே தராசில் வைத்ததில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. பிட்புல் கிடைக்காதவர் கேன் கோர்சோ வாங்குவார், அதுவும் கிடைக்காவிட்டால் ஏதோ ஒரு கலப்பை வாங்கி மொட்டைமாடியில் கட்டுவார். நம் கோம்பையும் ராஜபாளையமும் லேசுப்பட்டவை இல்லை. தெரியாத ஆளைக் காம்பவுண்டுக்குள் விடாது. அவற்றை மாடியில் கட்டி வளர்த்தாலும் இன்னொரு ராக்கிதான் வரும்.

சங்கிலியும் வாய்க்கூடும் என்ற பகுதியை மட்டும் எல்லாப் பெரிய காவல் நாய்களுக்கும், ஒருமுறை கடித்த எந்த நாய்க்கும் விரித்தால் போதும் என்பேன். அதோடு குட்டி விற்பவரையும் பிடிக்க வேண்டும். ராக்கியைக் கெடுத்ததில் பாதி அந்த முப்பதாம் நாள் விற்பனை. இன்னொன்று, முதல் புகாரை மதிப்பது. பெரிய தாக்குதல் நடந்த வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் முன்னாலேயே ஒரு பால்காரரோ, கேஸ் சிலிண்டர் போட வந்தவரோ கடிபட்டிருப்பார். ஐநூறு ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நாயை அலட்சியமாக வைத்திருந்து ஆபத்து உண்டாக்கினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். பால்காரர் ஸ்டேஷனுக்குப் போகவா போகிறார்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.80 லட்சம், வெறிநாய்க்கடி நோயால் இறந்தவர்கள் 43 பேர். இந்தக் கணக்கில் சாதி நாய்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கடியின் ஆழம் இதில் பொருட்டே இல்லை. ஊசி போடாத ஒரு குட்டி நாயின் பல் நகத்தளவு கீறினாலும் போதும். உங்கள் மகளுக்கு மாடியில் இருக்கும் ராட்வீலரைவிடத் தெருமுனையில் தடுப்பூசி போடாமல் திரியும் நாயால் கடிபட வாய்ப்பு அதிகம்.

சரி, மூன்றாம் மாடிக்கு வருவோம். நாய் வளர்க்கவே கூடாது என்று அடுக்ககச் சங்கம் தடை போட முடியாது. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே அதைச் சொல்லிவிட்டது. ஆகவே சண்டைக்குப் போகாமல் ஒரு மாலை நேராகப் போய்ப் பேசுங்கள். உரிமம் இருக்கிறதா, இந்த வருடத் தடுப்பூசி போட்டாயிற்றா, கருத்தடை ஆயிற்றா என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் கேட்பதற்கு முன்னாலேயே புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவார். நாய் எங்கே படுக்கிறது என்று பாருங்கள். கூடத்தில், ஆட்கள் காலடியில் படுத்திருந்தால் பாதிக் கவலை விட்டது. பால்கனியில் கட்டியிருந்தால் கவலைப்படுங்கள்.

மகளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுங்கள். நாயைப் பார்த்து ஓடக்கூடாது, மரம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக்கூடாது, அது எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். நான்கு வயதுக் குழந்தையின் முகமும் ராட்வீலரின் வாயும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதனால் லிஃப்டில் இரண்டு பேரும் ஒன்றாகப் போக வேண்டாம். அடுத்த நடையில் போகலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, காலையில் நாயை நடக்கக் கூட்டிப்போகிறவர் யார் என்று இரண்டு நாள் கவனியுங்கள். வளர்ந்த ஆள் ஒருவர் சங்கிலியைக் கையில் சுற்றி, வாய்க்கூடு போட்டுக் கூட்டிவந்தால் நல்லது. எட்டாவது படிக்கும் பையனோ, அந்த வீட்டில் வேலை செய்யும் அக்காவோ நாய் இழுத்த இழுப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால், சங்கக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.